பல் காப்பீடு எடுக்கலாமா, வேண்டாமா? உங்கள் வாயிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

பல் காப்பீடு எடுக்கலாமா என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டு வகைப் பதில்தான் வரும். சமீபத்தில் பல் டாக்டரிடம் பெரிய பில் கட்டிவிட்டு வந்தவர் "கட்டாயம் எடு" என்பார். வருஷக்கணக்கில் பிரீமியம் கட்டியும் ஒரு காசுகூடத் திரும்ப வாங்காதவர் "வெட்டிச் செலவு, விட்டுடு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் வாய்க்குச் சரி. உங்கள் வாய்க்கு எது சரி என்று நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை எந்த வரிசையில் போடுவது, பாலிசி வாங்குவதாக இருந்தால் அந்தப் பத்திரத்தில் எந்த வரிகளைத் தேடிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் இதில் அவசரப்பட்டால் பணம் போகும்.

முதலில், இது எப்படிப்பட்ட காப்பீடு?

வீட்டுக்குத் தீக்காப்பீடு எடுத்தால் குழாய் ஒழுகுவதையும் கதவுத் தாழ்ப்பாள் உடைவதையும் நாமே பார்த்துக்கொள்கிறோம். வீடே எரிந்துபோனால் கம்பெனி பணம் தருகிறது. பல் காப்பீடு பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். பரிசோதனை, சுத்தம் செய்வது, எக்ஸ்ரே மாதிரியான சின்னச் செலவை முழுசாகக் கொடுப்பார்கள். பல் அடைப்பதற்குப் பெரும்பங்கு கொடுப்பார்கள். கேப் (பல்லின்மேல் மாட்டும் உறை), பிரிட்ஜ் (இழந்த பல்லின் இடத்தில் பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பல்), பல்செட் என்று செலவு ஏற ஏற அவர்கள் பங்கு பாதியாகும். அதற்கும் மேலே வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கும், அதைத் தாண்டினால் முழுச்செலவும் உங்கள் தலையில். அதாவது எந்த இடத்தில் உங்களுக்கு உதவி உண்மையில் தேவைப்படுமோ, அந்த இடத்தில் கம்பெனி நின்றுவிடும்.

இது யாரோ சதி செய்து வைத்தது இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் 1954-ல் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தினர் தங்கள் குழந்தைகளின் பற்களைப் பார்க்க ஒரு திட்டம் வேண்டும் என்று பல் மருத்துவர் சங்கங்களை அணுகினார்கள். அந்த நாட்டின் பல் காப்பீட்டுத் திட்டங்களுக்கு அது முக்கியமான தொடக்கம். குழந்தைகளை ஒழுங்காக டாக்டரிடம் கூட்டிப்போக ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான் நோக்கம். பெரிய இழப்பிலிருந்து காப்பாற்றுவது என்ற எண்ணம் ஆரம்பத்திலேயே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. மாரடைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் சொத்தை விழுந்த பல்லுக்கு என்றாவது ஒருநாள் செலவு வரும் என்று அதை வைத்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும், ஆறு மாதம் தள்ளிப்போடவும் முடியும். வலி வரும்வரை சும்மா இருந்துவிட்டு, வந்தபிறகு பாலிசி எடுத்து, வைத்தியம் முடிந்ததும் நிறுத்திவிடலாம். எல்லோரும் அப்படிச் செய்தால் கம்பெனி திவாலாகும். அதனால்தான் காத்திருப்புக் காலமும் (பாலிசி எடுத்து இத்தனை மாதம் கழிந்தால்தான் பணம் என்ற விதி), உச்சவரம்பும், விலக்குகளும் மற்ற காப்பீடுகளைவிட இதில் கடுமையாக இருக்கின்றன.

எனவே இதைப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்காதீர்கள். பல் செலவில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டி, பதிலுக்குக் கொஞ்சம் தள்ளுபடி வாங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி எளிதாகிவிடும்: நான் கட்டுவதைவிட எனக்குத் திரும்ப வருவது அதிகமா?

படி 1: வாயைப் பாருங்கள், விளம்பரத்தை அப்புறம் பார்க்கலாம்

பாலிசிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், ஒரு முழுப் பரிசோதனைக்குக் கைக்காசு கொடுத்துப் போய்விட்டு வாருங்கள். இதைச் செய்யாமல் பாலிசி தேடுவது வீண்வேலை. ஆனால் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சில பாலிசிகளில் விண்ணப்பத்திலேயே "இப்போது ஏதாவது சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டுள்ளதா" என்று கேட்பார்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும். மறைத்தால் பிறகு கிளெய்ம் நிராகரிக்கப்படும், பாலிசியே ரத்தாகலாம். இதைக் காரணம் காட்டி சிலர் "பாலிசி எடுத்தபிறகு பரிசோதனைக்குப் போ" என்று யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால், தேவைப்படாத பாலிசியை வாங்கத்தான் வாய்ப்பு அதிகம்.

டாக்டரிடம் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள். இப்போதே செய்ய வேண்டியது எது, அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் வரக்கூடியது எது, சும்மா கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்பது எது. ஒவ்வொன்றுக்கும் தோராயக் கட்டணமும் கேளுங்கள். பல நாடுகளில் பற்களை இரட்டை இலக்க எண்ணால் குறிப்பார்கள்: முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல். 36 என்றால் கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். பின்னால் கிளெய்ம் படிவத்தில் இதே எண் வரும், அதனால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பட்டியல் மட்டும் போதாது. பல் செலவு எல்லா வாய்க்கும் ஒரே மாதிரி வராது. பெரிய பழைய அடைப்புகள் உள்ள பற்கள், வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து கேப் போடாமல் விட்ட பல், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம், பாதி வெளியே வந்து நிற்கும் ஞானப்பல், புகையிலைப் பழக்கம், இவை இருந்தால் செலவு வரும் என்றே வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் இருபக்க உறவு இருக்கிறது, ஒன்று மோசமானால் மற்றதும் மோசமாகும். வாயை உலர வைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, எச்சில் குறைந்து வேர்ப்பகுதியில் சொத்தை வேகமாக விழும். கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசிவது சகஜம். குழந்தைகள் இருந்தால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் சுமார் 6 வயதில் முளைப்பதையும், 12 வயதுவாக்கில் கம்பி கட்டும் பேச்சு வருவதையும் கணக்கில் வையுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வருஷக்கணக்கில் புதிய சொத்தை இல்லை, ஈறு ஆரோக்கியமாக இருக்கிறது, புகையிலை இல்லை, தினமும் இரண்டு வேளை ஃபுளோரைடு பேஸ்ட் போட்டு ஒழுங்காகத் துலக்குகிறார் என்றால், அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2004-லேயே பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை, அவரவர் ஆபத்தைப் பொறுத்து இடைவெளியை முடிவு செய்யச் சொன்னது. அங்கே நடந்த இன்டர்வெல் என்ற ஆய்வு 2020-ல் வெளியானது. ஆபத்து குறைந்தவர்களை 6 மாதத்துக்கு ஒருமுறை, 24 மாதத்துக்கு ஒருமுறை என்று பிரித்து 4 வருஷம் கவனித்தும், ஈறில் இரத்தம் கசிவதில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. "வருஷத்துக்கு இரண்டு இலவச கிளீனிங்" என்ற வரியைப் பாலிசி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள் இல்லையா, அந்த இரண்டும் உங்களுக்குத் தேவையா, தேவையென்றாலும் உண்மையில் போவீர்களா என்று யோசித்துவிட்டு அதன் மதிப்பைக் கணக்கில் சேருங்கள். போகாத கிளீனிங்குக்கு மதிப்பு பூஜ்யம்.

படி 2: ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது?

வேலை பார்க்கும் இடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் அதில் பல் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். முதலாளி பிரீமியத்தில் பெரும்பங்கு கட்டுகிறார் என்றால் கணக்குப் போடவே வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம். குழுப் பாலிசிகளில் காத்திருப்புக் காலமும் பெரும்பாலும் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும்.

உங்கள் சாதாரண மருத்துவக் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். விபத்தில் பல் உடைந்தால், தாடை முறிந்தால், ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் தாடை அறுவை என்றால் அதில் பணம் கிடைக்க வாய்ப்பு உண்டு. உண்மையிலேயே எதிர்பாராத, பெரிய செலவு அதுதான். அது அங்கேயே கவர் ஆகிறது என்றால் தனிப் பல் பாலிசியின் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த கட்டணத்தில் வைத்தியம் கிடைக்கும் இடமாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் நேரம் இழுக்கும், ஒரு வேர் சிகிச்சைக்கு நாலு தடவை போக வேண்டியிருக்கும், ஆனால் பேராசிரியர் மேற்பார்வையில் நடக்கும்.

படி 3: கணக்கு

ஊருக்கு ஊர் கட்டணம் மாறும் என்பதால் பணமாகச் சொல்லாமல் பங்காகச் சொல்கிறேன். ஒரு வருஷப் பிரீமியம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நான் போட்டிருக்கும் மற்ற எண்களும் உதாரணம்தான், உங்கள் டாக்டர் சொன்ன கட்டணத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு பரிசோதனை, இரண்டு கிளீனிங், ஓர் எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து 70, இதைத் தடுப்புச் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடைப்பு 30. கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை 180. அதன்மேல் கேப் 220. பாலிசி தடுப்புச் செலவுக்கு 100 சதவீதம், அடைப்புக்கும் வேர் சிகிச்சைக்கும் 80 சதவீதம், கேப்புக்கு 50 சதவீதம் தருகிறது. தடுப்புச் செலவைத் தவிர மற்றவற்றில் வருஷத்துக்கு ஒருமுறை முதல் 10 பங்கை நீங்கள் கட்ட வேண்டும். வருஷ உச்சவரம்பு 250.

எதுவும் நடக்காத வருஷத்தில் பாலிசி இல்லையென்றால் செலவு 70, இருந்தால் 100. ஆக 30 நஷ்டம். ஒரு அடைப்பு வந்தால் பாலிசி இல்லாமல் 100. இருந்தால் பிரீமியம் 100, அடைப்பில் முதல் 10 உங்களுடையது, மீதி 20-ல் அவர்கள் 16 தருவார்கள், நீங்கள் 4. மொத்தம் 114. அடைப்பு வந்த வருஷத்திலும் நஷ்டம்தான், கவனித்தீர்களா?

இப்போது ஒரே வருஷத்தில் வேர் சிகிச்சையும் கேப்பும் வருகிறது. பாலிசி இல்லாமல் 70, 180, 220 சேர்ந்து 470. பாலிசி இருந்தால் தடுப்புக்கு 70, வேர் சிகிச்சையில் 10 போக 170-க்கு 80 சதவீதம் என்று 136, கேப்புக்கு 110. கூட்டினால் 316 வரும், ஆனால் உச்சவரம்பு 250-ல் வெட்டிவிடும். நீங்கள் கட்டுவது 220-ம் பிரீமியம் 100-ம், மொத்தம் 320. லாபம் 150. நல்லதுதான். ஆனால் இதே வேலை காத்திருப்புக் காலத்துக்குள் வந்தால்? தடுப்புச் செலவு 70 மட்டும் கிடைக்கும், மீதி 400-ம் பிரீமியமும் உங்களுடையது. 500 ஆகும், பாலிசி இல்லாதவரைவிட 30 அதிகம்.

இந்தக் கணக்கில் 150 லாபம் வரும் ஒரு வருஷம், ஒன்றும் நடக்காத ஐந்து வருஷத்தின் நஷ்டத்துக்குச் சமம். அதாவது ஆறு வருஷத்துக்கு ஒருமுறை இப்படிப் பெரிய வேலை வரும் வாய் என்றால் போட்டது எடுத்தது சரியாகப் போகும். அதைவிட அடிக்கடி வருமென்றால் எடுக்கலாம், இல்லையென்றால் விடலாம். இரண்டு கிளீனிங்குக்குப் போகாதவர்கள் நஷ்டத்தை 30 என்று போடாமல் இன்னும் கூட்டிப் போட வேண்டும், ஏனென்றால் போகாத வருஷத்தில் பாலிசி இல்லாதவருக்கு அந்த 70 செலவே இல்லை.

பணக்கணக்கில் வராத ஒரு விஷயமும் இருக்கிறது. சிலர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகவாவது டாக்டரிடம் போவார்கள். பாலிசி இல்லையென்றால் வலி வரும்வரை போகவே மாட்டார்கள். நீங்கள் அந்த ரகம் என்றால் வருஷம் 30 பங்கு நஷ்டம் என்பது சின்னத் தொகை, சின்னச் சொத்தையை அடைப்போடு முடித்துவிடுவது வேர் சிகிச்சை வரை இழுத்துக்கொண்டு போவதைவிட எவ்வளவோ மலிவு.

படி 4: பத்திரத்தைப் படிப்பது

எடுப்பது என்று முடிவானால் உண்மையான வேலை இங்கேதான். சுருக்கக் கையேட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், முழு விதிமுறைப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் ஏஜென்ட்டிடம் வாங்காதீர்கள்.

சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "கேப்புக்கு 50 சதவீதம்" என்று போட்டிருந்தால், எதில் 50 சதவீதம் என்று கேளுங்கள். டாக்டர் வாங்கும் கட்டணத்திலா, கம்பெனி தானே முடிவு செய்துவைத்த அனுமதித் தொகையிலா? டாக்டர் 220 வாங்குகிறார், கம்பெனியின் அனுமதித் தொகை 160 என்றால் அவர்கள் தருவது 80. உங்களுக்கு 140. பாதி என்று நினைத்து வாங்கியது சுமார் 36 சதவீதத்தில் வந்து நிற்கும். நெட்வொர்க்கில் உள்ள டாக்டர் என்றால் பொதுவாக அந்த 160-க்கு மேல் வாங்கமாட்டேன் என்று கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருப்பார். வெளி டாக்டருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பல பாலிசிகளில் உண்மையான பலன் இந்த ஒப்பந்தக் கட்டணம்தான் என்பது என் கருத்து, உச்சவரம்பு தீர்ந்தபிறகும் அந்தக் குறைந்த கட்டணம் தொடருமா என்று கேட்டுவையுங்கள்.

அடுத்தது உச்சவரம்பு. ஒரு ஆளுக்கா, குடும்பம் முழுவதுக்குமா? தடுப்புச் செலவும் அதில் கழியுமா, தனியா? பயன்படுத்தாத தொகையில் ஒரு பகுதி அடுத்த வருஷத்துக்குப் போகுமா? மேலே போட்ட கணக்கில் தடுப்புச் செலவின் 70 உச்சவரம்பில் கழியாமல் இருந்திருந்தால் முழு 316-ம் கிடைத்திருக்கும். பிரீமியத்தில் சின்ன வித்தியாசம் உள்ள இரண்டு பாலிசிகளில் நான் இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பேன்.

காத்திருப்புக் காலம் தடுப்புச் செலவுக்குப் பெரும்பாலும் இருக்காது, அடைப்பு போன்றவற்றுக்குச் சில மாதங்கள், கேப், பிரிட்ஜ் போன்றவற்றுக்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருக்கலாம். வேறு கம்பெனியின் பல் பாலிசியிலிருந்து இடைவெளி விடாமல் மாறினால் சிலர் இதைத் தள்ளுபடி செய்வார்கள். பழைய பாலிசியின் சான்றைக் கேட்பார்கள், எடுத்து வையுங்கள். காத்திருப்புக் காலமே இல்லை என்று விளம்பரம் செய்யும் பாலிசியில் முதல் வருஷம் தரும் சதவீதம் குறைவாக இருக்கும் அல்லது உச்சவரம்பு குறைவாக இருக்கும். எங்காவது ஓரிடத்தில் பிடித்திருப்பார்கள், அது எங்கே என்று தேடுங்கள்.

வேர் சிகிச்சை எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். ஒரு பாலிசியில் அது அடைப்போடு சேர்ந்து 80 சதவீதத்தில் இருக்கும், இன்னொன்றில் கேப்போடு சேர்ந்து 50-க்குப் போயிருக்கும். ஈறு ஆழச் சுத்தமும், ஞானப்பல் எடுப்பதும் அதேபோல் இரண்டு பக்கமும் தாவும். படி 1-ல் வாங்கிய பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிகிச்சைக்கும் நேராக அதன் வகையை எழுதிப் பாருங்கள், இரண்டு பாலிசிக்கு நடுவே எது உங்களுக்கானது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே விழுந்த பல் பற்றிய விதி நிறையப் பேருக்குத் தெரியாது. பாலிசி தொடங்கும் முன்பே இழந்த பல்லின் இடத்தில் பிரிட்ஜோ பல்செட்டோ இம்பிளான்ட்டோ (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்தால் பணம் கிடையாது என்று ஒரு வரி பல பத்திரங்களில் இருக்கும். காத்திருப்புக் காலம் முடிந்தாலும் கிடைக்காது, பெரும்பாலும் அந்தப் பல்லுக்கு என்றைக்குமே கிடைக்காது. விழுந்த பல்லைக் கட்டத்தான் பாலிசியே எடுக்கிறீர்கள் என்றால் இந்த வரி இல்லாத பத்திரமாகத் தேட வேண்டும்.

மாற்றுச் சிகிச்சை விதி என்று ஒன்றும் உண்டு. கடைவாய்ப்பல்லுக்கு நீங்கள் பல் நிறத்திலேயே அடைப்பு வைத்துக்கொண்டால் கம்பெனி வெள்ளி நிற அடைப்பின் கட்டணத்துக்குத்தான் கணக்குப் போடும். இம்பிளான்ட் வைத்தால் கழற்றி மாட்டும் பல்செட்டின் கட்டணத்தைத்தான் தரும். செய்யக்கூடாது என்று சொல்லமாட்டார்கள், வித்தியாசத்தை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள் என்பார்கள். இம்பிளான்ட்டை முழுசாகவே விலக்கிவைத்த பாலிசிகளும் நிறைய.

எத்தனை தடவை என்ற கட்டுப்பாட்டைப் படிக்கும்போது "வருஷத்துக்கு இரண்டு" என்பதும் "ஆறு மாதத்துக்கு ஒன்று" என்பதும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது வகையில் ஒரு நாள் முந்திப் போனாலும் கிளெய்ம் போச்சு. முழு வாய் எக்ஸ்ரேவுக்குச் சில வருஷ இடைவெளி, பழைய கேப்பை மாற்றுவதற்கு 5 முதல் 10 வருஷம் என்றெல்லாம் இருக்கும். உங்கள் வாயில் இப்போது இருக்கும் கேப் எந்த வருஷம் போட்டது என்று பழைய டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கம்பெனி கேட்கும்.

கம்பி கட்டுவதற்குப் பெரும்பாலும் தனி விதி: வயது வரம்பு, தனிக் காத்திருப்புக் காலம், வருஷத்துக்கு அல்லாமல் ஆயுளுக்கே ஒரு தொகை. பாலிசிக்கு முன்னாலேயே கம்பி கட்டியிருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. வெண்மையாக்குவது போன்ற அழகுச் சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் பணம் கிடையாது.

படி 5: எந்த வகைத் திட்டம்?

நெட்வொர்க் டாக்டரிடம் போனால் அதிகம், வெளியே போனால் குறைவு என்று இரண்டு இடத்திலும் கொடுக்கும் திட்டம்தான் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். எந்த டாக்டரிடம் போனாலும் ஒரே மாதிரி திருப்பித் தரும் திட்டத்தில் பிரீமியம் அதிகம். மூன்றாவது, குறிப்பிட்ட டாக்டரிடம் மட்டும்தான் போக வேண்டும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு தொகையை மட்டும் கட்டினால் போதும் என்ற திட்டம். பிரீமியம் குறைவு, உச்சவரம்பும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் இதில் டாக்டருக்கு ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கம்பெனி நிலையான தொகை தருகிறது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு அதே பணம். செய்கிற வேலைக்குத் தகுந்தபடி பணம் வாங்கும் டாக்டருக்குக் கூடுதலாகச் செய்யத் தோன்றலாம் என்றால், இவருக்குக் குறைவாகச் செய்யத் தோன்றலாம். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை, அந்தத் திட்டத்தில் நல்ல டாக்டர் கிடைத்தவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். அப்பாயின்ட்மென்ட் எத்தனை வாரம் கழித்துக் கிடைக்கிறது என்று சேரும் முன் போன் போட்டுக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தள்ளுபடி அட்டை என்று விற்பதும் உண்டு. அது காப்பீடே இல்லை. வருஷச் சந்தா கட்டினால் பட்டியலில் உள்ள டாக்டர்கள் கட்டணத்தில் குறைத்துக்கொள்வார்கள், கம்பெனி உங்களுக்காக ஒரு காசும் கட்டாது. காத்திருப்புக் காலம் இல்லை என்பதால் உடனே பெரிய வேலை செய்ய வேண்டியவருக்கு இது சில நேரம் பாலிசியைவிட லாபம். சில டாக்டர்கள் தங்கள் கிளினிக்குக்கு மட்டும் வருஷச் சந்தா வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள்.

எதுவும் வேண்டாம் என்றால் அந்த 100 பங்கை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். இது ஒழுங்காகச் செய்பவர்களுக்கு மட்டும். இரண்டாவது மாதமே அந்தக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழிப்பவர் என்றால் பாலிசியே மேல்.

படி 6: வாங்கும் முன் இரண்டு போன்

முதல் போன் டாக்டரின் கிளினிக்குக்கு. கம்பெனியின் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், பட்டியல்கள் பழசாகிக் கிடக்கும். "இந்தக் கம்பெனியை ஏற்கிறீர்களா" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்பார்கள். "இந்தப் பாலிசிக்கு நீங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா" என்று பாலிசியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிளெய்ம் படிவம் நிரப்பித் தருவதும் நெட்வொர்க்கில் இருப்பதும் வேறு வேறு. பில் போடும் ஊழியரிடம் எந்தக் கம்பெனி ஒழுங்காகப் பணம் தருகிறது, எது இழுத்தடிக்கிறது என்றும் சும்மா விசாரித்துப் பாருங்கள். விளம்பரத்தில் கிடைக்காத தகவல் அவரிடம் இருக்கும்.

இரண்டாவது போன் கம்பெனிக்கு. பட்டியலில் உள்ள ஒரு பெரிய சிகிச்சையைச் சொல்லி, எப்போதிலிருந்து, எந்த வகையில், எந்தத் தொகைக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் சொன்னதற்குப் பிறகு சாட்சி இருக்காது.

படி 7: வாங்கியபிறகு

பெரிய வேலை எதுவாக இருந்தாலும் ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம், சிகிச்சை விவரத்தை எக்ஸ்ரேவோடு கம்பெனிக்கு முன்மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வரும். அது உறுதிமொழி இல்லை, இடையில் உச்சவரம்பு தீர்ந்தாலோ பாலிசி நின்றாலோ மாறும், ஆனாலும் நாற்காலியில் வாயைத் திறந்தபிறகு அதிர்ச்சி வராது. வலி தாங்கமுடியாத நிலையிலோ முகம் வீங்கினாலோ இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.

வருஷக் கடைசியில் பெரிய வேலை வந்தால் டாக்டரிடம் பேசி இரண்டு பாலிசி வருஷத்தில் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். அதே உதாரணத்தில் வேர் சிகிச்சையை இந்த வருஷமும் கேப்பை அடுத்த வருஷத் தொடக்கத்திலும் செய்தால், முதல் வருஷம் 70-ம் 136-ம் சேர்த்து 206 கிடைக்கும். அடுத்த வருஷம் தடுப்புக்கு 70, கேப்பில் 10 போக 210-க்குப் பாதி 105, ஆக 175. இரண்டு வருஷத்தில் 381. எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் முடித்திருந்தால் 250-ம் அடுத்த வருஷத் தடுப்புச் செலவு 70-ம் சேர்த்து 320-தான். 61 பங்கு கூடுதல் லாபம். ஆனால் வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல் கேப் இல்லாமல் அதிக நாள் இருந்தால் பிளந்துவிடும் ஆபத்து உண்டு. சில வாரம் தள்ளுவது பற்றி டாக்டர் சரி என்றால் தள்ளுங்கள், ஆறு மாதம் தள்ளினால் பல்லே போய்விடலாம். கேப்புக்குக் கம்பெனி எந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கும், பல்லைச் சீவிய நாளையா, கேப் ஒட்டிய நாளையா என்பதும் பத்திரத்தில் இருக்கும்.

கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் உடனே விட்டுவிடாதீர்கள். பல் எண் தப்பு, தேதி தப்பு, எக்ஸ்ரே இணைக்கவில்லை என்ற சில்லறைக் காரணங்கள் நிறைய இருக்கும். காரணத்தை எழுத்தில் கேட்டு, டாக்டரிடம் ஏன் அந்தச் சிகிச்சை அவசியம் என்று ஒரு பத்தி எழுதி வாங்கி, மேல்முறையீட்டுக்குக் கொடுத்த காலக்கெடுவுக்குள் அனுப்புங்கள்.

புதுப்பிக்கும்போது பிரீமியம் எவ்வளவு ஏறியிருக்கிறது, உச்சவரம்பு அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிரீமியம் ஏறிக்கொண்டே போய் உச்சவரம்பு அசையாமல் நின்றால் வருஷத்துக்கு வருஷம் நீங்கள் குறைவாக வாங்குகிறீர்கள் என்று பொருள். கட்டியது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிவந்தால் முடிவு எளிது. நிறுத்துவதாக இருந்தால் அதற்கு முன்னால் இன்னொரு பரிசோதனைக்குப் போய், பட்டியலில் பெரிய வேலை எதுவும் பாக்கி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் விட்டுவிட்டு மறுபடி சேர்ந்தால் காத்திருப்புக் காலம் திரும்ப முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும்.